குத்துச்சண்டை இரவின் வரவு செலவு

லாஸ் வேகாஸில் சனிக்கிழமை இரவு நடக்கும் பெரிய குத்துச்சண்டை, மட்டக்களப்பில் ஞாயிறு காலை ஒன்பது, ஒன்பதரைக்குத் தொடங்கும். பூசைக்குப் போய் வந்தவர்கள் காலைச் சாப்பாட்டோடு கைப்பேசியில் முடிவைப் பார்த்துவிடலாம். அப்படித்தான் 2015ஆம் ஆண்டு மே மாதத்து ஞாயிறு ஒன்றில், ஃபுளொய்ட் மேவெதர் புள்ளி அடிப்படையில் மேனி பாக்கியாவை வென்ற செய்தி இங்கே வந்து சேர்ந்தது. கூடவே இன்னொரு செய்தியும் வந்தது: தோற்ற பாக்கியாவுக்கே 100 மில்லியன் டொலருக்கு மேல் கிடைக்கும் என்று.

உயர்தர வகுப்பில் வருமானம், செலவு, இடர் என்று படிப்பிக்கும்போது இந்தச் சண்டையை உதாரணத்துக்கு எடுத்தால் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான். “தோத்தவருக்கும் இவ்வளவு காசா சேர்?” நல்ல கேள்வி. இந்தத் தொழிலில் பணம் எந்த வழியாக வருகிறது, வருவதற்கு முன்னே யார் அதைக் கையிலிருந்து போடுகிறார் என்று பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். எந்த வீரர் எந்த வீரரோடு மோதுவார், எப்போது, எங்கே என்பவற்றுக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. என் கணிப்பில் இந்த விளையாட்டை ஆட்டுவிப்பது ஒன்றே ஒன்று: அந்த ஒரு இரவு நட்டமானால் அந்த நட்டம் யார் தலையில் விழும் என்பது.

அட்டவணை இல்லாத விளையாட்டு

நமக்குப் பழக்கமான குத்துச்சண்டை பாடசாலைகளும் இராணுவமும் பொலிசும் வளர்த்தது. நூறு வருடப் பழைமை கொண்ட ஸ்டப்ஸ் கேடயப் போட்டி, 1938இல் சிட்னியில் இலங்கைக்குத் தங்கம் வென்ற பார்னி ஹென்ரிகஸ், 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் போன அனுருத்த ரத்நாயக்க எல்லாம் அந்த வழியில் வந்தவை. அங்கே பதக்கம் உண்டு, கேடயம் உண்டு. இரவுக்கு இவ்வளவு என்று பேசிக் கையெழுத்திடும் வழக்கம் கிடையாது. தொழில்முறைக் குத்துச்சண்டை வேறு உலகம்.

கிரிக்கெட்டோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று புரியும். ஐ.பி.எல். போட்டிகளின் 2023 முதல் 2027 வரையான ஒளிபரப்பு உரிமையை இந்தியக் கிரிக்கெட் சபை 48,390 கோடி இந்திய ரூபாவுக்கு விற்றது. ஐந்து வருட ஆட்டங்கள் மொத்தமாக விலைபோயின. அதில் ஒரு ஆட்டம் சப்பென்று போனாலும் யாரும் தெருவுக்கு வரமாட்டார்கள். குத்துச்சண்டையில் அப்படி உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு சபை இல்லை, லீக் இல்லை, வருட அட்டவணை இல்லை. உலகப் பட்டம் கொடுக்கும் அமைப்புகளே நான்கு: டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. ஒவ்வொரு பெரிய இரவையும் ஒருவர் புதிதாகக் கட்டி எழுப்பி, தனியாக விற்க வேண்டும். அவர்தான் புரமோட்டர்.

புரமோட்டர் என்றால் விளம்பரம் செய்கிறவர் என்று பலர் நினைக்கிறார்கள். விளம்பரம் அவர் வேலையில் ஒரு பகுதி மட்டுமே. மண்டபம் எடுப்பது, வீரர்களோடு ஒப்பந்தம் எழுதுவது, வீரர்களுக்குத் தொகையை முன்கூட்டியே உறுதி கொடுப்பது, தொலைக்காட்சியோடு பேரம் பேசுவது, எல்லாம் முடிந்து கையில் மிஞ்சியதை எடுத்துக்கொள்வது, மிஞ்சாவிட்டால் கையிலிருந்து கட்டுவது ஆகிய அத்தனையும் அவருடைய பொறுப்பு.

வெபர் மைதானத்தில் ஒரு இரவு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் முழுக்க நானே வைத்தவை, விளங்குவதற்காக மட்டும்.

மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் ஒரு தொழில்முறைக் குத்துச்சண்டை இரவு நடத்துகிறீர்கள் என்று வையுங்கள். ரிக்கெட் 500 ரூபா. 2,000 பேர் வந்தால் வசூல் 10 இலட்சம். ரிங்கைக் கொண்டுவந்து பொருத்துவது, மின்விளக்கு, ஒலிபெருக்கி, வைத்தியர், அம்புலன்ஸ், காப்புறுதி, நடுவர்கள் என்று 6 இலட்சம் போகிறது. பிரதான சண்டையின் இருவருக்கும் சேர்த்து 4 இலட்சம். அதற்கு முன் மோதும் எட்டு இளம் வீரர்களுக்கு 2 இலட்சம். ஆக, செலவு 12 இலட்சம். மைதானம் நிறைந்தும் 2 இலட்சம் நட்டம். இரண்டு கடைகளும் ஒரு தொலைபேசி நிறுவனமும் அனுசரணையாக 3 இலட்சம் கொடுத்தால் நட்டம் போய் 1 இலட்சம் இலாபம் தெரியும்.

இப்போது நாள் கார்த்திகை மாதத்தில் விழுந்து, அன்று பின்னேரம் வானம் கறுத்துக் கொட்டுகிறது. வந்தவர்கள் 600 பேர். வசூல் 3 இலட்சம், அனுசரணை 3 இலட்சம். செலவு அதே 12. வீரர்களிடம் போய், மழை தம்பி, பாதிதான் தரலாம் என்று சொல்ல முடியாது, கையெழுத்துப் போட்டாயிற்று. 6 இலட்சம் உங்கள் நட்டம்.

அதே இரவை நேரலையில் விற்றால்? நம் கோயில் திருவிழாக்களை சுவிஸிலும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் நம் ஆட்கள் யூடியூப்பில் நேரலையாகப் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அவர்களில் 3,000 பேர் ஆளுக்கு 1,500 ரூபா கட்டிச் சண்டையைப் பார்த்தால் 45 இலட்சம். மைதானத்தில் 2,001ஆவது ஆளுக்கு ஒரு கதிரை வேண்டும், வாசலில் ஒரு காவலர் வேண்டும், இடமும் வேண்டும். நேரலையில் 3,001ஆவது ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரு சதமும் செலவில்லை. ஒளிபரப்புப் பொருளாதாரத்தின் முழு இரகசியமும் இந்த ஓரிடத்தில் அடங்கும். பொருளியலில் இதை எல்லைச் செலவு என்கிறோம். எல்லைச் செலவு பூச்சியத்தை நெருங்கினால், வருகிற ஒவ்வொரு புதுப் பார்வையாளரும் ஏறக்குறைய முழு இலாபம்.

ஒரு நூறு டொலர் போகும் வழி

இனி உண்மைக் கணக்கு. மேவெதர்–பாக்கியாவ் சண்டை நடந்த எம்.ஜி.எம். கிராண்ட் அரங்கில் இருந்தவர்கள் ஏறத்தாழ 16,000 பேர். ரிக்கெட் வசூல் சுமார் 72 மில்லியன் டொலர். அமெரிக்காவில் வீட்டிலிருந்து காசு கட்டிப் பார்த்த இணைப்புகள் சுமார் 46 இலட்சம். அந்த வருமானம் 400 மில்லியன் டொலருக்கும் மேல். அரங்கில் இருந்தவர்களின் ஆரவாரம் இல்லாவிட்டால் தொலைக்காட்சியில் சண்டை செத்துப்போயிருக்கும், அது உண்மை. ஆனால் பணம் வந்தது வரவேற்பறைகளிலிருந்து.

இப்படி ஒரு நிகழ்ச்சிக்கென்று தனியாகக் காசு கட்டிப் பார்க்கும் முறைக்குப் பே-பெர்-வியூ என்று பெயர். மாதச் சந்தா வேறு, இது வேறு. அந்தச் சண்டைக்கு 89.95 டொலர், எச்.டி. தரத்தில் 99.95 டொலர். நம் ஊரில் குடும்பத்தோடு மாதக்கணக்கில் தொலைக்காட்சி பார்க்கக்கூடிய காசை ஒரு இரவுக்குக் கேட்டார்கள். இலட்சக்கணக்கானோர் கட்டினார்கள். அதிலும் பெரும்பாலானோர் கடைசி நேரத்தில்தான் கட்டுவார்கள். அன்று இரவு அப்படிக் குவிந்த கடைசி நேர ஓர்டர்களைத் தாங்க முடியாமல் கேபிள் நிறுவனங்களின் அமைப்புகள் திணறின. அதற்காகப் பிரதான சண்டையையே தாமதப்படுத்தினார்கள். உலகமே காத்திருந்த இரண்டு வீரர்கள் உடம்பைச் சூடாக்கி முடித்து, உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தார்கள், வீட்டில் இருப்பவர் காசு கட்டி முடிக்கும்வரை. இந்தத் தொழிலில் யார் முதலாளி என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

அந்த நூறு டொலரும் வீரருக்குப் போகிறதா? இல்லை. வழக்கமான கணக்கில் ஏறத்தாழ பாதியை வீட்டுக்கு இணைப்புக் கொடுத்த கேபிள் அல்லது செய்மதி நிறுவனம் எடுத்துக்கொள்ளும். ஒளிபரப்பைத் தயாரித்த அலைவரிசைக்கு ஒரு பங்கு. மிச்சம் புரமோட்டர் பக்கம் வரும். அதிலிருந்து வீரர்களின் பங்கு. 2015இல் அது மேவெதர் தரப்புக்கு 60, பாக்கியாவ் தரப்புக்கு 40 என்று பிரிந்தது. பாக்கியாவ் தோற்றும் பணம் வாங்கியது இதனால்தான். அந்த 40 வீதம் வெற்றிக்கான பரிசாக இருக்கவில்லை. அவர் பெயர் எத்தனை வீடுகளைக் காசு கட்ட வைக்கும் என்பதற்கான விலை அது. அந்த வேலையை மணி அடிக்கும் முன்னரே அவர் முடித்துவிட்டார்.

வீரரின் கைக்கு வந்த பிறகும் அது கரையும். ஒருவர் ஒரு பட்டச் சண்டைக்கு 1 இலட்சம் டொலர் வாங்குகிறார் என்று வைப்போம். மனேஜருக்கு 25 வீதம் (மூன்றில் ஒன்று வரை கேட்பவர்களும் உண்டு), பயிற்சியாளருக்கு 10 வீதம், பட்டம் கொடுக்கும் அமைப்புக்குப் பொதுவாக 3 வீதம். மிச்சம் 62,000. இனி வரி. அப்புறம், இரண்டு மூன்று மாதப் பயிற்சி முகாமின் செலவு, அடிவாங்கிப் பயிற்சி கொடுக்கும் ஸ்பாரிங் ஆட்களின் கூலி. அந்தச் சண்டையில் கை எலும்பு உடைந்தால் அடுத்த ஒரு வருடத்துக்கு வருமானமே இல்லை.

தொலைக்காட்சி கொடுத்ததும் எடுத்ததும்

1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாரத்தில் பல இரவுகள் குத்துச்சண்டை இலவசமாக ஓடியது. சவர அலகு விற்ற ஜில்லெட் நிறுவனத்தின் வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி மிகப் பிரபலம். விளைவு, ஊர்ப்புறச் சிறிய கழகங்களின் அரங்குகள் வெறிச்சோடின. வீட்டில் சும்மா பார்க்கலாம் என்றால் மழையில் நனைந்து ரிக்கெட் எடுக்க யார் போவார்? இளம் வீரர்கள் தொழில் பழகும் இடங்கள் அப்படியே ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

அதற்குப் பிறகு வந்தது இலவசத்துக்கு நேர் எதிரான வழி: சண்டையைத் திரையரங்குகளுக்கும் பெரிய மண்டபங்களுக்கும் மட்டும் கம்பி வழி அனுப்பி, அங்கே ரிக்கெட் விற்பது. 1971 மார்ச் 8இல் நியூயோர்க் மடிசன் ஸ்குவயர் கார்டனில் முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதியதைப் பல நாடுகளில் இப்படித்தான் பார்த்தார்கள். இலங்கையில் அப்போது தொலைக்காட்சியே இல்லை. அது 1979இல்தான் வந்தது. அந்தச் சண்டையைப் பற்றி நம் பெரியவர்கள் வானொலியிலும் பத்திரிகையிலும் தெரிந்துகொண்டார்கள்.

அந்தச் சண்டையின் ஒப்பந்தம் கவனிக்கத்தக்கது. அலிக்கும் ஃபிரேசியருக்கும் தலா 2.5 மில்லியன் டொலர் உறுதித்தொகை. அன்றைக்கு யாரும் கேள்விப்படாத தொகை. ஆனால் மொத்த வசூல் அந்த 5 மில்லியனைப் போல் பன்மடங்கு. மிகுதி, பணம் போட்ட ஜெரி பெரென்சியோ, ஜாக் கென்ட் குக் பக்கம் போனது. வீரர்கள் நட்ட பயமில்லாத வழியை எடுத்தார்கள், அதனால் பெரிய இலாபம் மற்றவர்களுக்குப் போனது. மேவெதர் செய்தது இதற்கு எதிர். 2006இல் 750,000 டொலர் கட்டித் தன் புரமோட்டரான டொப் ரேங்க் நிறுவனத்திலிருந்து விலகினார். பிறகு தன் சண்டைகளுக்குத் தானே புரமோட்டர் மாதிரி நடந்து, இடரையும் இலாபத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் குத்திய குத்துகளைவிட இந்த முடிவே அவரைப் பணக்காரராக்கியது என்பேன்.

மாதச் சந்தாவில் சண்டை காட்டிய எச்.பி.ஓ. 1973இல் கிங்ஸ்டனில் ஃபோர்மன்–ஃபிரேசியர் சண்டையோடு ஆரம்பித்தது. 2018இல் குத்துச்சண்டையை விட்டு விலகியது. அதன் போட்டியாளர் ஷோடைம் 2023 முடிவில் விலகியது. இடையில் 2018இல் டசோன் என்ற இணைய சேவை, பே-பெர்-வியூ செத்துவிட்டது, இனி மாதச் சந்தா போதும் என்று அறிவித்துக்கொண்டு வந்தது. மெக்சிக்க நட்சத்திர வீரர் கனெலோ அல்வாரெஸுக்கு 11 சண்டைகளுக்கு 365 மில்லியன் டொலர் என்று ஒப்பந்தமும் போட்டது. இரண்டே வருடத்தில் அந்த ஒப்பந்தம் வழக்கில் முடிந்து உடைந்தது. சில வருடங்களில் டசோனே பே-பெர்-வியூ விற்கத் தொடங்கியது. சந்தாக் காசு சாதாரண இரவுகளுக்குப் போதும். உச்ச நட்சத்திரம் கேட்கும் தொகைக்கு அது காணாது.

விளம்பரம் என்பது கதை கட்டுவது

சண்டைக்கு முன் நடக்கும் பத்திரிகையாளர் சந்திப்பில் வீரர்கள் தள்ளுமுள்ளுப்படுவதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கும் பிடிப்பதில்லை. ஆனால் அது ஏன் நடக்கிறது என்பது விளங்குகிறது. குத்துச்சண்டை ரசிகருக்குக் காசு கட்ட ஒருவர் சொல்லத் தேவையில்லை. ஆனால் 2015இல் காசு கட்டிய நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் பெரும்பாலானவை ரசிகர் வீடுகள் இல்லை. அவர்களுக்கு ஒரு கதை வேண்டும்: யார் நல்லவர், யார் கெட்டவர், யாருக்கு யாரோடு என்ன பகை. 2007இல் டி லா ஹோயா–மேவெதர் சண்டைக்கு எச்.பி.ஓ. இரு வீரர்களின் வீட்டுக்குள்ளும் கமராவைக் கொண்டுபோய் ஒரு தொடரையே ஓட்டியது. அந்தச் சண்டை 24 இலட்சம் வீடுகளில் விற்று அன்றைய சாதனையானது. டி லா ஹோயா வென்றுவிட வேண்டும் என்பவர்களும் மேவெதர் தோற்றுவிட வேண்டும் என்பவர்களும் காசு கட்டினார்கள். தன் தோல்வியைப் பார்க்கவும் ஆட்கள் காசு கட்டுவார்கள் என்பதை மேவெதர் அப்போதே பிடித்துக்கொண்டார்.

நாளும் அப்படித்தான் தெரிவாகிறது. மெக்சிக்க மக்கள் கொண்டாடும் மே 5, செப்டெம்பர் 16 ஆகிய நாட்களை ஒட்டிய வார இறுதிகள் பெரிய சண்டைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை போல் ஆகிவிட்டன. நேரமும் பார்வையாளர் பக்கமே சாயும். 1974இல் கின்ஷாசாவில் அலியும் ஃபோர்மனும் மோதியது உள்ளூர் நேரப்படி அதிகாலை நான்கு மணியளவில். அமெரிக்காவில் அப்போது இரவு. 1975இல் மணிலாவில் அலி–ஃபிரேசியர் மூன்றாம் சண்டை பகலில் வேகும் வெக்கையில் நடந்ததற்கும் இதே காரணம். ரிங்குக்குள் இருந்த இருவரின் உடம்பும் அந்த வெக்கைக்கு விலை கொடுத்தது.

நல்ல சண்டை ஏன் நடப்பதில்லை

ரசிகர்களின் பெரிய மனக்குறை இது. மேவெதர்–பாக்கியாவ் பேச்சு 2009 கடைசியிலேயே தொடங்கியது. ஊக்கமருந்துக்கான இரத்தப் பரிசோதனை விவகாரத்தில் முறிந்தது. நடந்தது 2015இல், இருவருக்கும் முப்பத்தைந்து வயது தாண்டிய பிறகு. இடையில் மேவெதர் ஷோடைமிலும் பாக்கியாவ் எச்.பி.ஓ.விலும் இருந்தார்கள். இரண்டு போட்டி அலைவரிசைகள் ஒன்றாக உட்கார்ந்து ஒளிபரப்பைப் பகிர வேண்டியிருந்தது.

தோல்வி காணாத சாதனை ஒரு சொத்து. புரமோட்டர் பல வருடம் பணம் போட்டு வளர்த்த சொத்து. ஒரே இரவில் அதை எதிர்த்தரப்புப் புரமோட்டரின் வீரரிடம் இழந்தால் முதலீடு போய்விடும். அதனால்தான் ஒப்பந்தத்தில் ‘தோற்றால் மறுசண்டை கட்டாயம்’ என்ற விதி வருகிறது. இரு தரப்பும் உடன்படாவிட்டால், பட்டம் கொடுக்கும் அமைப்பு ஏலம் விடும். இரு தரப்பும் மூடிய உறையில் தொகை எழுதிக் கொடுக்கும், கூடியவர் நடத்துவார். 2022 ஜனவரியில் டைசன் ஃப்யூரி–டிலியன் வைட் சண்டைக்கு புரமோட்டர் ஃபிராங்க் வாரன் எழுதிய தொகை 41,025,000 டொலர். அந்த ஏப்ரலில் வெம்பிளி மைதானத்தில் 94,000 பேர் திரண்டார்கள். வாரன் அந்த உறையை மூடியபோது ஒரு ரிக்கெட்கூட விற்றிருக்கவில்லை என்பதை மறக்கக்கூடாது.

ரிக்கெட் கட்டோடு அலையும் வீரர்

பெரிய தொகைகளைக் கேட்டு வாய்பிளக்கும் பிள்ளைகளுக்கு நான் கட்டாயம் சொல்லும் பகுதி இது. ஏனெனில் உலகில் குத்துச்சண்டையைத் தொழிலாகக் கொண்டவர்களில் பெரும்பான்மையினர் இங்கேதான் இருக்கிறார்கள்.

பிரித்தானியாவின் சிறிய மண்டபங்களில் நடக்கும் சண்டைகளுக்குத் தொலைக்காட்சி வராது. அங்கே இளம் வீரருக்குப் புரமோட்டர் கொடுப்பது ஒரு கட்டு ரிக்கெட். அதை அவரே விற்க வேண்டும். மாமன், மச்சான், கூடப் படித்தவன், வேலைத்தள நண்பர், ஜிம்முக்கு வரும் ஆட்கள் என்று ஒவ்வொருவராகப் பிடித்து விற்பார். விற்ற காசிலிருந்துதான் எதிராளியின் கூலியும் போக வேண்டும். மிச்சத்தில் ஒரு பங்கு அவருக்கு. சண்டைக்கு முந்திய வாரம், எடை குறைக்கப் பட்டினி கிடந்துகொண்டே, தராத காசைக் கேட்டு வீடு வீடாக அலைகிற வீரர்கள் இருக்கிறார்கள். நூறு ரிக்கெட் விற்றவர் அடுத்த நிகழ்ச்சியிலும் இருப்பார். இருபது விற்றவர், எவ்வளவு திறமை இருந்தாலும், இருக்கமாட்டார்.

அவருக்கு எதிரே நிற்பவர் அநேகமாகத் தூரத்து ஊரிலிருந்து வந்தவர். அவருக்கு ரிக்கெட் விற்கும் வேலை இல்லை. பேசிய கூலி நிச்சயம். புள்ளியில் தோற்று, காயமில்லாமல், அடுத்த வாரம் இன்னொரு ஊரில் மோதத் தயாராக இருப்பதே அவர் தொழில். பீட்டர் பக்லி என்ற பேர்மிங்ஹாம் வீரர் 300 சண்டைகள் செய்து 2008இல் ஓய்வுபெற்றார். வென்றது 32, சமம் 12, தோற்றது 256. அந்தத் தோல்விகளைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு இந்தத் தொழில் விளங்கவில்லை என்றே சொல்வேன். தற்காத்துக்கொள்ளும் கலையில் தேர்ந்தவர் அவர். எதிரே ரிக்கெட் விற்ற உள்ளூர்ப் பிள்ளை வென்றால்தான் மாமனும் மச்சானும் அடுத்த முறையும் ரிக்கெட் எடுப்பார்கள். வளரும் வீரர்களின் பட்டியலில் வரிசையாக வெற்றிகள் தெரிவதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

உபயகாரர் வந்த பிறகு

கடைசிப் பத்து வருடத்தில் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது சவூதி அரேபியாவின் பணம். 2019 டிசம்பரில் ஜோஷுவா–ரூயிஸ் மறுசண்டை திரியாவில் நடந்தது. 2024 மே மாதத்தில் ஃப்யூரி–உசிக் ரியாத்தில் நடந்தது. துர்க்கி அலல்ஷிக் என்ற அதிகாரி பொறுப்பெடுத்து, வருடக்கணக்கில் பேசி முடியாத சண்டைகளையெல்லாம் நடத்திக் காட்டினார். இதை நம் ஊரில் விளங்கப்படுத்த ஒரு சொல் போதும்: உபயம். திருவிழாவில் ஒரு நாளை ஒரு குடும்பம் உபயமாக எடுத்தால் அன்றைய செலவு முழுவதும் அவர்களுடையது. எத்தனை பேர் வந்தார்கள், உண்டியலில் எவ்வளவு விழுந்தது என்று மேளகாரர் கவலைப்பட வேண்டியதில்லை. அதுபோல இடத்துக்கான பணத்தை ஒரு நாடு கொடுத்துவிட்டால் புரமோட்டர்களுக்கு நட்ட பயம் இல்லை. நட்ட பயம் இல்லாதபோது சண்டையைத் தள்ளிப்போடக் காரணமும் இல்லை.

இது புதிதுமில்லை. 1974இல் கின்ஷாசா சண்டைக்கு மொபுட்டுவின் ஸயீர் (இன்றைய கொங்கோ) அரசு அலிக்கும் ஃபோர்மனுக்கும் தலா 5 மில்லியன் டொலர் கிடைக்க வழிசெய்து, தன் நாட்டின் பெயரை உலகம் பேச வைத்தது. அன்று அதை ஒழுங்குசெய்த டொன் கிங் இந்தத் தொழிலின் பெரும்புள்ளியானார். சவூதி விடயத்தில், விளையாட்டால் நாட்டின் மனித உரிமைப் பெயரைக் கழுவுகிறார்கள் என்று அம்னெஸ்டி போன்ற அமைப்புகள் சொல்கின்றன. அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. பொருளியல் ஆசிரியனாக எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. உபயகாரருக்குப் பார்வையாளரின் காசு தேவையில்லை. நாளை அவர் மனம் மாறினால், வீரர்கள் பழகிவிட்ட அந்தத் தொகையை எந்த ரிக்கெட் வசூலும் தாங்காது.

மறுபக்கம் நெட்ஃபிளிக்ஸ். 2024 நவம்பரில், நம் பாராளுமன்றத் தேர்தல் முடிவு வந்த மறுநாள் சனி காலை, 58 வயது மைக் டைசனும் 27 வயது ஜேக் போலும் டெக்சாஸில் மோதியதை, சந்தா வைத்திருந்த எவரும் மேலதிகக் காசில்லாமல் பார்க்க முடிந்தது. படம் நின்று நின்று வந்தது வேறு விடயம். 6 கோடி வீடுகள் பார்த்ததாக நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது. 2025 செப்டெம்பரில் கனெலோ–குரோஃபோர்ட் சண்டைக்கு 4 கோடிக்கு மேல் பார்வையாளர்கள் என்றது. நூறு டொலருக்கு நாற்பது இலட்சம் வீடு என்பதும், சந்தாவுக்குள் ஆறு கோடி வீடு என்பதும் இரண்டு வேறு வியாபாரங்கள். முதலாவது இன்றைய ரசிகரைப் பிழிகிறது. இரண்டாவது நாளைய ரசிகரை உண்டாக்குகிறது. பே-பெர்-வியூ சுவருக்கு உள்ளே வளரும் விளையாட்டைப் பத்து வயதுப் பிள்ளை எங்கே பார்க்கும்? அதனால் நான் இரண்டாவது பக்கம்தான்.

கணக்கைப் பார்க்கும் உரிமை

மைக் டைசன் தன் வாழ்நாளில் 300 மில்லியன் டொலருக்கு மேல் உழைத்தவர். 2003இல் வங்குரோத்து அறிவித்தார். தன்னை ஏமாற்றிவிட்டதாக டொன் கிங் மீது 100 மில்லியன் டொலர் கேட்டு அவர் போட்ட வழக்கு 14 மில்லியனில் சமாதானமானது. இப்படியான முறைப்பாடுகள் சேர்ந்துதான் 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் முகமது அலி பெயரில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஒரே ஆள் ஒரே வீரருக்குப் புரமோட்டராகவும் மனேஜராகவும் இருக்க முடியாது. அந்தச் சண்டையிலிருந்து தனக்கு எவ்வளவு வருகிறது என்பதைப் புரமோட்டர் வீரருக்குச் சொல்லியாக வேண்டும். சாதாரணமாகத் தெரியும் இந்த இரண்டாவது விதிதான் பேரம் பேசும் மேசையில் வீரருக்கு இருக்கும் ஒரே கைப்பிடி. மொத்தம் எவ்வளவு என்று தெரியாதவர் தன் பங்கை எப்படிக் கேட்பார்?

இப்போது, கலப்புத் தற்காப்புக் கலையான யு.எஃப்.சி.யை நடத்தும் டி.கே.ஓ. குழுமம் சவூதிப் பணத்தோடு குத்துச்சண்டைக்குள் வந்திருக்கிறது. ஒரே அமைப்பு, ஒரே அட்டவணை, ஒரே பட்டம் என்ற யோசனை அவர்களுடையது. அதற்கு இடம்கொடுக்கும் வகையில் அலி சட்டத்தைத் திருத்தும் மசோதாவும் 2025இல் அமெரிக்கக் காங்கிரசில் முன்வைக்கப்பட்டது. நல்ல சண்டைகள் நேரத்துக்கு நடக்கும், பட்டக் குழப்பம் தீரும் என்பதெல்லாம் உண்மையாகலாம். ஆனால் யு.எஃப்.சி. வீரர்கள் தங்கள் ஊதியத்தை அந்த அமைப்பு அழுத்திக் குறைத்தது என்று வழக்குப் போட்டு, 375 மில்லியன் டொலர் சமரசம் பெற்றிருக்கிறார்கள். புரமோட்டர் ஒருவர்தான் என்றால் வீரருக்குப் பேரம் பேச வேறு கதவு இல்லை. குறைந்தபட்ச ஊதியம், காப்புறுதி என்று அந்த மசோதா நான்கு ரவுண்ட் மட்டும் மோதும் தொடக்கநிலை வீரருக்கும் கொடுப்பதாகச் சொல்வதை நான் வரவேற்கிறேன். கணக்கைக் காட்ட வேண்டும் என்ற விதியை மட்டும், புதிய அமைப்பில் சேருகிறவருக்கும் சேராதவருக்கும் பொதுவாக, அப்படியே வைத்திருக்க வேண்டும்.